லயத்துப் பாட்டுக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகின்ற ஒருவருக்கு எவற்றையெல்லாம் காட்டுவது என்பது ஏறத்தாழ நிரந்தரமாகத் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. 1894இல் கட்டப்பட்ட செங்கற் தபாலகம், கிரகரி வாவி, விக்டோரியா பூங்கா, 1876இல் தோட்டத்துரைமார் தமக்கென அமைத்துக்கொண்ட ஹில் கிளப், லபுக்கலையில் ஒரு கோப்பைத் தேநீர், இறம்பொடை நீர்வீழ்ச்சி. அட்டன் பக்கம் திரும்பினால் டெவன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகள். இன்னும் கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்குத் துரை வாழ்ந்த பங்களாவில் ஓரிரவு தங்கல். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உயர்தர ஹோட்டலாகவே மாறியிருக்கிறது. சாரதி வண்டியை நிறுத்துகின்ற இடமெல்லாம் துரைமாரின் சரித்திரம்தான். மலைச்சரிவில் கூடையோடு நிற்கும் பெண்கள் புகைப்படத்துக்கு வருகிறார்கள். அவர்களின் குரல் மட்டும் எந்தப் பயணத்திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

அந்தக் குரலுக்கும் இடங்கள் உண்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, கண்டிச் சீமைக்கு வந்த வழிநடைத் துயரத்தைச் சொல்லும் பாட்டு என்று இரு நூற்றாண்டுகளாகப் பாடி வந்த மக்கள் அவர்கள். பாட்டுகளைச் சிலர் ஏட்டில் தொகுத்து வைத்தார்கள். பாட்டுப் பிறந்த இடங்களையும், பாடப்பட்ட களங்களையும், பாட்டுக்காரர் வாழ்ந்த கூரைகளையும் யார் வந்தவர்களுக்குக் காட்டப் போகிறார்கள்? எப்போது, எந்த நிபந்தனையோடு காட்டுவது? இக்கட்டுரை அதைப் பற்றியது.

இதென்ன புது ஆசை என்று கேட்கின்ற வாசகர்களுக்கு, உலகம் வேறிடங்களில் செய்திருப்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பீட்டில்ஸ் குழுவின் தடங்களைக் காட்டுவதே ஒரு தொழில். வாடகைக் கார்ச் சாரதிகளே வழிகாட்டிகளாகி, இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ தனியாக நகரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அங்கே காட்டப்படும் இடங்களில் ஒன்று ஃபோர்த்லின் வீதி 20ஆம் இலக்க வீடு. அது மாளிகையன்று, நகரசபை தொழிலாளர் குடும்பங்களுக்கென வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்று. போல் மெக்கார்ட்னியின் குடும்பம் 1955இல் அங்கு குடிபுகுந்தது. அரண்மனைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் பாதுகாப்பதில் பெயர்பெற்ற நெஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1995இல் அந்தச் சிறு வீட்டை வாங்கி, 1998இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு சிறு சிறு குழுக்களாகத்தான் உள்ளே செல்ல முடியும்.

ராக் இசையின் வேரைத் தேடிப் போனால் லிவர்பூலையும் தாண்டி அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கும். கறுப்பினத் தொழிலாளர்கள் வயலில் பாடிய பாட்டிலிருந்து புளூஸ் பிறந்தது. புளூஸிலிருந்து ராக் பிறந்தது. மடி வாட்டர்ஸ் என்று பின்னாளில் உலகறிந்த பாடகர், ஸ்டோவல் தோட்டத்தில் ஒரு மரக்குடிலில் வாழ்ந்த கூலியாள். 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் தோட்டத்துக்கே சென்று அவருடைய பாட்டைப் பதிவு செய்தார். 1943இல் மடி வாட்டர்ஸ் தோட்டத்தை விட்டுச் சிக்காகோவுக்குச் சென்றார். 1962இல் லண்டன் இளைஞர்கள் சிலர் தம் குழுவுக்குப் பெயர் தேடியபோது, அவருடைய பாட்டொன்றின் தலைப்பையே எடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ் ஆனார்கள். அவர் வாழ்ந்த குடில் இன்று கிளார்க்ஸ்டேல் நகர அருங்காட்சியகத்தினுள்ளே நிற்கிறது. சார்லி பட்டன் வாழ்ந்த டொக்கரி தோட்டம் புளூஸ் பிறந்த இடங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 2006இல் தொடங்கி, அந்த மாநிலம் கல்லறை, புகையிரத நிலையம், தெருமுனை, தோட்டம் என்று இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் புளூஸ் வழித்தடம் என்ற பெயரில் விளக்கப் பலகைகளை நாட்டியிருக்கிறது.

ஆக, தோட்டத் தொழிலாளியின் குடிசையும் பாட்டும் பார்வையாளர் வந்து தலைவணங்குகின்ற சரித்திரமாக முடியும் என்பது நிரூபணமான செய்தி. பருத்திக்குப் பதில் தேயிலை. மரக்குடிலுக்குப் பதில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை. புளூஸ் பாடகனின் கித்தாருக்குப் பதில் தப்பு. நம்மிடம் இல்லாதது விளக்கப் பலகை மட்டுமே.

சென்ற மாசி மாதத்தில் நான் அப்படியொரு பயணத்தை என் சொந்த முயற்சியில் செய்து பார்த்தேன். ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் வழிகாட்ட இசைந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். ஒரு முச்சக்கரவண்டியை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு காலை ஏழு மணிக்கு அட்டனிலிருந்து புறப்பட்டோம்.

அட்டன் புகையிரத நிலையத்தில் இறங்குகின்ற பயணிகளில் பலர் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பஸ்ஸைத் தேடுகிறவர்கள். மாஸ்டர் என்னைக் கடைவீதியில் நிறுத்தி, 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கிய ஊர் இது என்றார். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்த நடேசய்யர் பத்திரிகையாளர். கொழும்பில் தேசபக்தன் பத்திரிகையை நடத்தியவர். 1936இலிருந்து 1947வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதிக் கூட்டங்களில் தாமே பாடியவர். அந்நாளில் தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியார் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் சென்று வந்தார் என்பது மலையகத்தில் இன்றும் வழங்குகின்ற செய்தி. மீனாட்சி அம்மாளின் பாட்டுகள் சிறு பிரசுரங்களாக அச்சாயின. 1940இல் நூலாகவும் வெளிவந்தன. பேச்சாளர் நுழைய முடியாத தோட்டத்துக்குள், மக்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டில் அமைந்த பாட்டு நுழைந்துவிட முடியும். ஒருவர் மனனம் செய்தால் போதும், அடுத்த நாள் மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிடும். தொழிற்சங்கம் சட்ட பூர்வமாக வேரூன்றுவதற்கு முன்பே பாட்டின் வழியாகத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது என்று மாஸ்டர் சொன்னார். லிவர்பூலில் ஒரு பாட்டுக்காரர் சிகை திருத்திய கடைக்கே பெயருண்டு. அட்டன் கடைவீதியில் மீனாட்சி அம்மாளுக்கு ஒரு பலகை நாட்டினால் யாருக்கும் நட்டமில்லை.

கொட்டகலையைத் தாண்டினால் டெவன் நீர்வீழ்ச்சி. வான்களில் வந்தவர்கள் இறங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் நீர்வீழ்ச்சியைப் பார்க்கவில்லை. அதே பெயருடைய டெவன் தோட்டத்தில் 1977 மே 11ஆம் தேதி நடந்ததைச் சொன்னார். ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதற்கு எதிராகத் திரண்ட தொழிலாளர்கள்மீது பொலிஸார் சுட்டதில், சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். இசைத்தடம் தேடி வந்தவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஒப்பாரி என்னும் வடிவத்தை வளர்த்தெடுத்த மக்கள் யாருக்காக அழுதார்கள் என்று தெரியாமல் அவர்களின் பாட்டைக் கேட்பதில் பொருளில்லை. காட்சிக் கோபுரத்தில் நிற்பவருக்கு டெவன் என்பது தண்ணீரின் பெயர். அவ்வூர் மக்களுக்கு அது வேறொன்றின் பெயர்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கடந்து வட்டகொடைப் பக்கம் திரும்பினோம். மடகொம்பரைத் தோட்டம். 1914இல் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்த மண். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக முதலாவது பாராளுமன்றத்துக்குச் சென்றவர், தொழிற்சங்கவாதி, தம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை எழுதி 1954இல் வெளியிட்டவர். என் பார்வையில் அவர் செய்த மிகப் பெரிய பணி, தோட்டம் தோட்டமாகக் கேட்டு நாட்டார் பாடல்களைத் திரட்டி வைத்ததுதான். லோமக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு வெளியிலிருந்து தோட்டத்துக்குப் போனார். சி.வி. காதையும் பேனாவையும் மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளிருந்தே அதைச் செய்தார். அவரை வாக்களித்து அனுப்பிய மக்களுடைய குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. மலையகத்தில் பாட்டுச் சேகரிப்பு என்பது பொழுதுபோக்கான ஆராய்ச்சி அல்ல என்பதற்கு இது போதிய காரணம். பாடியவர்களையே கப்பலேற்றிவிட்டார்கள். பாட்டில் ஒரு பகுதி அவர்களோடு நீலகிரிக்கும் மண்டபத்துக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கும் போயிற்று.

மாலையில் நாங்கள் சென்ற தோட்டத்தின் பெயரை அங்குள்ளவர்களின் விருப்பப்படி இங்கே குறிப்பிடவில்லை. ஸ்டோருக்குக் கீழே பெரட்டுக்களம். விடிவதற்கு முன் தப்பு முழங்கி லயத்தை எழுப்பியதும், ஆட்கள் வந்து பேர் கொடுத்து வேலை பிரித்துக்கொண்டு நின்ற இடம். அதற்கும் கீழே, கோயிலுக்குப் பக்கத்தில் காமன் பொட்டல். மாசி அமாவாசை கழிந்ததும் அங்கே காமன் ஊன்றுகிறார்கள். அதன் பின் பல இரவுகள் ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வர, நிறைவிரவில் சிவன் மன்மதனை எரிக்க, ரதி புலம்பி அழ, கூத்து முடிகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த கலைதான். பல ஊர்களில் அது தாய்மண்ணிலேயே மெலிந்துபோக, இங்கே இளைஞர்கள் விரதமிருந்து, தேய்ந்த கொப்பிகளிலுள்ள பாட்டை மனனம் செய்து ஆடுகிறார்கள்.

தப்படிக்கும் முதியவரை மாஸ்டர் அறிமுகம் செய்தார். நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டே, காமனுக்கு ஓர் அடி, கோயிலுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். பிள்ளைகள் பழகுகிறார்களா என்று கேட்டேன்.

"மகன் கொழும்புல கடையில நிக்கிறான், அய்யா. தொட மாட்டேங்கிறான். காமனுக்கு அடிச்சா மாலை போடுறாங்க, பொணத்துக்கு அடிச்சா தள்ளி நிக்கச் சொல்றாங்க. ரெண்டுக்கும் ஒரே தப்புதானுங்களே."

வழித்தடம் அமைக்க விரும்புகிறவர்கள் இந்த வாசகத்தை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தப்பு மலையகத்தின் அடையாளம் என்று மேடையில் முழங்குவது எளிது. அந்த இசையை ஒரு சாதியின் தலையில் கடமையாகச் சுமத்தி, அதற்காகவே அவர்களைத் தாழ்த்தி வைத்த சமூகமும் நாமேதான். துரையின் சரித்திரத்தை மட்டும் சொல்லும் வழிகாட்டியைக் குறை கூறுகின்ற நாம், நம்முடைய குற்றத்தை மறைத்துச் சொல்கின்ற வழிகாட்டியை உருவாக்கக் கூடாது. மிசிசிப்பியில் அடிமை முறையையும் நிறவெறியையும் விட்டுவிட்டுப் புளூஸின் கதையைச் சொல்ல முடியாது. தப்பின் கதையும் அப்படித்தான்.

புறப்படும்போது மாஸ்டருக்குப் பணம் கொடுக்க முயன்றேன். வாங்க மறுத்தார். ஊரைக் காட்டுவதற்குக் கூலியா என்றார். அவருடைய பெருந்தன்மையை மதிக்கிறேன், ஆனால் அதை ஏற்கவில்லை, வற்புறுத்திக் கொடுத்தேன். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. 1,350 ரூபாவானது 2024இல். தேயிலையைக் காட்டி மலையகத்துக்கு அழைத்து வரப்படும் பயணிகளின் பணம் ஹோட்டலுக்கும் வான்காரருக்கும் போகிறது. கொழுந்துக் கூடையோடு படத்துக்கு நின்ற பெண்ணுக்குச் சில்லறை கிடைத்தால் உண்டு. தன் பாட்டின் சரித்திரத்தைத் தானே சொல்லி அதற்கு நியாயமான ஊதியம் பெறுகின்ற ஓர் இளைஞன் அல்லது யுவதி ஒவ்வொரு தோட்டத்திலும் உருவாக வேண்டும். உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகின்றவர்களில் இதற்குத் தகுதியானவர்கள் ஏராளம். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சிறுமி 2023இல் தமிழகத் தொலைக்காட்சி மேடையில் பாடியபோது உலகெங்கும் தமிழர் அவளுக்காகக் கைதட்டினார்கள். அந்தக் குரல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று அறியும் ஆவல் அவர்களுக்கு இருக்கிறது. அவர்களே இந்தப் பயணத்தின் முதல் விருந்தினர்.

இனி என் முக்கியமான நிபந்தனைக்கு வருகிறேன். வறுமையைக் காட்சிப்பொருளாக்குவதா என்று இதற்குள் சில வாசகர்கள் கோபப்பட்டிருப்பார்கள். கோபம் நியாயமானதே. மனிதர் குடியிருக்கின்ற லயன் அறைக்குள் அந்நியரைக் கூட்டிக்கொண்டுபோய், இதோ பாருங்கள் புகை படிந்த அடுப்பு என்று காட்டுவது மரியாதைக் கேடு. சமையற்கட்டில் நிற்கின்ற பெண்ணிடம் ஒரு பாட்டுப் பாடு என்று கேட்பது அதைவிடக் கேடு. காமன் கூத்து நேர்த்திக்காகவும் விரதத்தோடும் ஆடப்படுவது. ஹோட்டல் முற்றத்தில் டிசெம்பர் மாதத்தில் ஆடிக் காட்டுவதற்குரிய உருப்படியன்று. மாசியில் வருகின்றவர் ஊராரோடு ஊராராகத் தரையில் அமர்ந்து பார்க்கட்டும். மற்ற மாதங்களில் வருகின்றவருக்கு வெறும் பொட்டலைக் காட்டிக் கதை சொன்னால் போதும்.

மடி வாட்டர்ஸின் குடிலும் மெக்கார்ட்னியின் வீடும் நமக்குக் கற்பிக்கின்ற பாடம் ஒன்றுண்டு. இரண்டிலும் குடியிருந்தவர் வெளியேறி, வேறிடத்தில் நல்வாழ்வு பெற்ற பிறகே அவை நினைவுச்சின்னங்களாயின. மலையகத்தில் இந்த வரிசை மாறிவிடக் கூடாது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. இந்திய உதவியிலான வீடுகள் குறித்த அறிவிப்பு 2017 மே மாதம் நோர்வூட்டில் பாரதப் பிரதமர் வாயிலாகவே வந்தது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சு அதற்கும் முந்தியது. இத்தனைக்குப் பிறகும் லயத்தில் படுத்துறங்குகின்ற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குக் காணியும் வீடும் உறுதியும் கைக்கு வந்து, அவர்கள் குடிபெயர்ந்த பிறகு மிஞ்சுகின்ற லயங்களில் தோட்டத்துக்கு ஒன்றை இடிக்காமல் விட்டுவையுங்கள். பாட்டின் வீடாக அது இருக்கட்டும். பாதுகாக்க வேண்டிய மரபு என்ற பெயரைச் சூட்டி, மக்களை அதற்குள்ளேயே இருக்க வைப்பதற்கு எந்த நிறுவனத்துக்கும் ஒரு சாக்குக் கிடைத்துவிடக் கூடாது.

முன்மாதிரி இல்லாமலில்லை. கண்டியிலிருந்து இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பழைய லயன் அறைகளிலேயே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. தொழிலாளர் புழங்கிய பொருள்கள் அங்கே இருக்கின்றன. அதை ஒரு முனையாகவும் அட்டனை மறுமுனையாகவும் கொண்டு, இடையில் பத்துப் பன்னிரண்டு இடங்களை இணைத்தாலே நல்ல வழித்தடம் உருவாகிவிடும். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையை நடந்தே மீட்கத் தெரிந்த சமூகத்துக்கு, முன்னோர் பாடிய இடங்களை மீட்பது முடியாத காரியமன்று.

அரசாங்கம் செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வெளிநாடுகளில் வாழும் தமிழ் வாசகர்கள் அடுத்த முறை இலங்கை வரும்போது, எல்ல ரயிலில் தொங்கிப் படமெடுப்பதற்கு ஒதுக்கும் ஒரு நாளை அட்டனுக்கும் ஒதுக்குங்கள். தோட்டத்து ஆசிரியர் ஒருவரையோ இளைஞர் மன்றத்தையோ தொடர்புகொண்டு, காமன் பொட்டல் எங்கே, பெரட்டுக்களம் எங்கே, இங்கே பாட்டுக் கட்டியவர் யார் என்று கேளுங்கள். அனுமதி பெற்ற பிறகே படமெடுங்கள். தப்படித்தவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடியுங்கள். வழிகாட்டியவருக்கு, அவர் மறுத்தாலும், உரிய ஊதியத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.